சரிவு நிற்கும்

தேன்பாறையில் யார் மண்ணைக் கொத்தினாலும், வரும் மழைக்கு மலை என்ன செய்யும் என்று பஸ் நிறுத்தத்துக் கணிப்புப் பலகை அன்றே சொல்லிவிடும். கோடையிலிருந்து அது சிவப்பாகவே எரிந்தது. ஐப்பசி மழையில் சரிவு இறங்கும், கீழ்வரிசை வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்றது.

கீழ்வரிசைக்கு நேர் மேலே, சரிவின் மேல்தட்டில் கிழங்கு போட்டுவந்த அருளப்பன் திடீரென்று நெஞ்சுவலியில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பியபோது பலகை பச்சைக்கு மாறியிருந்தது. 'மேல்தட்டில் இனி உழவில்லை. சரிவு நிற்கும்.'

கூட்டத்தில் யாரோ நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது அருளப்பன் மனைவி எஸ்தர் காதில் விழுந்தது.

மறுவாரம் கீழ்வரிசை ரெஜினா அவளுக்குச் சோறு கொண்டுவந்தாள். சாவு வீட்டில் எஸ்தரைத் தாங்கிப் பிடித்திருந்தவள் அவள்தான்.

"இந்த வருஷம் கொத்தப் போறீங்களாக்கா?"

"விதைக்கிழங்கு முளை விட்டிருச்சு. கொத்தாம நான் எதத் திங்கிறது?"

"எங்க வீட்ல கைப்பிள்ளை இருக்குக்கா."

"அவரு கொத்துறப்பவும் இருந்துச்சே."

"அப்பவும் அவரு நிறுத்தணும்னு வேண்டிக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றாள் ரெஜினா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலை குனிந்தபடியே இறங்கிப் போனாள்.

எஸ்தர் சாக்கைப் பிரித்து, விதைக்கிழங்கின் முளைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தாள். மொத்தத்தையும் பெரிய சட்டியில் போட்டு வேகவைத்து, பாதியை ரெஜினா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.