வலது இருக்கை

"நீ தனியாத்தான போன, கண்ணு?"

கேட்டவர் விமானப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி. விமான விபத்து விசாரணைக்கு வந்த அதிகாரி வாய் திறக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாவுக்கட்டுப் போட்ட இடது கை கழுத்திலிருந்து தொங்கியது.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

"அவங்களே சொல்லட்டும்ங்க."

அன்று மதியம் மலைப்பக்கம் கறுத்திருந்தது. திரும்பிவிடலாம் என்று அவள் சொன்னாள். சொல்லிப் பார்த்தாள். பயிற்சியாளருக்கான வலது இருக்கையில் கேப்டன் எட்வின் சிரித்தார்.

"நான் இருக்கேன்ல?"

மேகத்துக்குள் போனார்கள்.

வெள்ளை.

எது மேல், எது கீழ் என்று தெரியாத வெள்ளை.

பிறகு மரவள்ளிக் காடு.

அவளுடைய பெல்ட்டைக் கழற்றி, இழுத்து வெளியே போட்டவர் அவர்தான். அதை அவள் மறக்கமாட்டாள்.

காதருகே குனிந்து அவர் சொன்னதையும்.

"நான் இன்னிக்கு உன்னோட வரவே இல்ல. புரியுதா?"

செடிகளை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். ஆட்கள் ஓடி வந்தபோது, உடைந்த விமானத்தருகே அவள் ஒருத்திதான் கிடந்தாள்.

ஏன் போனார் என்பதை ஆஸ்பத்திரியில் முதலாளியே சொன்னார். கற்றுக்கொடுக்க எட்வினுக்கு இருந்த தகுதி போன வருடமே காலாவதியாகிவிட்டது. யாரும் புதுப்பிக்கவில்லை. அவள் எட்டு மாதமாகப் பறந்ததெல்லாம் அவரோடுதான்.

ஆரஞ்சுப் பழங்களை மேசையில் அடுக்கியபடியே முதலாளி விளக்கினார். தனியாகப் போனேன் என்று சொன்னால், மாணவி மேகத்தில் தடுமாறிவிட்டாள் என்று முடியும். கொஞ்ச நாள் தடை. பிறகு பறக்கலாம். எட்வின் இருந்தார் என்றால் அந்த எட்டு மாதமும் பறந்த மணிக்கணக்கு செல்லாது. அவளுக்கு மட்டுமல்ல, அவரிடம் பறந்த அத்தனை பேருக்கும்.

"உங்கப்பன் மொதல்ல இருந்து பணம் கட்டுவாராக்கும்? பாத்துக்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அவளைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

அதிகாரி இப்போது நேராகவே கேட்டார். "தனியாப் போனீங்களா?"

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முதன்முறை தனியாகப் பறந்து இறங்குகிறவர் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். மெக்கானிக்குகள்கூட எண்ணெய்க் கையோடு ஓடி வருவார்கள். நனைந்தவர்கள் அன்று முழுக்க ஈரச் சட்டையைக் கழற்றாமல் திரிவார்கள்.

அவள் மற்றவர்களுக்கு ஊற்றியிருக்கிறாள்.

"என்னை இன்னும் யாரும் நனைக்கல சார்."

அதிகாரியின் சட்டையில் விமானிகளின் சிறகுச் சின்னம் குத்தியிருந்தது. அவர் உதடு லேசாக அசைந்தது.

"ஒரு வாளிகூடவா?"

"ஒரு சொட்டுகூட."

முதலாளி எழுந்துவிட்டார். "மண்டையில அடிபட்ட புள்ளைங்க சார். ஒளறுது."

"அடி கையிலதான்" என்றாள் அவள். "வலது சீட்ல கேப்டன் எட்வின் இருந்தார். போக வேண்டாம்னு சொன்னேன். போனார். அப்புறம் என்னைத் தூக்கி வெளிய போட்டார். அதையும் எழுதிக்கங்க."

பேனா ஓடியது. நின்றது.

"இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் பறந்திருக்கீங்க?"

கேட்டுவிட்டு அதிகாரி காத்திருந்தார். முதலாளியும் காத்திருந்தார்.

"பூஜ்யம்."

"அவசரம் இல்லம்மா. யோசிச்சு..."

"பூஜ்யம்னே போடுங்க சார்."

வராந்தாவில் இளம்பரிதி நின்றிருந்தான். பள்ளியில் அவளோடு சேர்ந்தவன். அவனும் எட்வினிடம்தான் பறந்தான். அன்று விமானத்தை வெளியே தள்ளிவிட்டதும், கேப்டன் ஏறியபின் வலப்பக்கக் கதவைச் சாத்தியதும் அவன்தான்.

"சொல்லிட்டியா?"

"ம்."

"எனக்கும் போச்சா?"

"முழுசா."

"நாசமாப் போ" என்றான். சுவரை எட்டி உதைத்தான்.

அவள் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மேலே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ள வரலாமா சார்? அன்னிக்கு வலப்பக்கக் கதவைச் சாத்தினது நான்தான்."

இளம்பரிதியின் குரல்.