நிறம் போனவன்

“தாலியில கை வைக்காதீங்க. அவரு இன்னைக்கு வந்துருவாருன்னு சொன்னேன்ல” என்றாள் இரத்தினம்மா.

பக்கத்து வீட்டுச் சுப்பம்மா கையை எடுத்தாள்.

முற்றத்தில் தர்ப்பைப் புல்லால் கட்டிய ஆள் உருவம் ஒரு பலகையில் கிடந்தது. காணாமற்போன இருளப்பனுக்காக அவன் தம்பி வீரய்யா கட்டச் சொன்னது. உடல் கிடைக்காதவருக்கு அப்படித்தான் கொள்ளி வைப்பார்கள். வைத்துவிட்டால் இரத்தினம்மா விதவை. பிள்ளை இல்லாத விதவைக்குக் கலகெதர ஊரிலிருந்த இந்த வீட்டில் இடமில்லை என்று வீரய்யா முன்பே சொல்லியிருந்தான்.

“எத்தனை வருசமா வர்றாரு மதினி?” என்றான் வீரய்யா. “நடந்து வர்றாரா, உருண்டு வர்றாரா?”

யாரோ சிரித்தார்கள்.

“தோல் வியாதின்னு சொல்லி அனுப்பினாரு. உடம்பு பூரா வெளுத்துப் போச்சாம். வெக்கப்பட்டு வராம இருந்திருக்காரு.”

“பேரு இருளப்பன். ஆளு வெள்ளையா?” என்று கேட்டுவிட்டுச் சுப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது தேயிலைச் சரிவில் ஒருவன் ஏறி வந்தான்.

முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளை. புருவமும் வெள்ளை. மழை பெய்து நாளாகியிருந்தது. அவன் பாதங்களில் ஈரமண் அப்பியிருந்தது.

சிரிப்பு நின்றது.

“இந்தா, வந்துட்டாருல்ல” என்றாள் இரத்தினம்மா. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வந்தவன் தர்ப்பை உருவத்தருகே நின்று குனிந்து பார்த்தான்.

“இது நானா? காலு குட்டையா இருக்கே” என்றான்.

மூக்கும் தாடையும் இருளப்பன் சாயல்தான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நிறம் போன முகத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“இத்தனை நாளா எங்க இருந்த?” என்றான் வீரய்யா.

“பக்கத்துலதான்.”

“பக்கத்துலன்னா?”

“வெளிச்சம் படாத இடம். இந்தத் தோலுக்கு வெயில் ஆகாது.”

வீரய்யா விடவில்லை. “எங்கண்ணனுக்கு முதுகுல பெரிய கறுப்பு மச்சம். சட்டையைக் கழட்டு.”

கழற்றினான். முதுகு முழுதும் சுண்ணாம்பு அடித்த சுவர். மச்சம் இல்லை.

“பாத்தீங்களா! கொள்ளியை எடுங்க!”

“பொறு” என்றார் மனுவேல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்தவர். மருந்து கொடுத்ததும் காயம் தைத்ததும் அவர்தான். “கறுப்பைச் செய்யிற சின்னச் சின்னக் கலங்கள் தோலுக்குள்ள இருக்கு. இந்த வியாதியில அதுக செத்துப் போகும். மச்சம்ங்கிறதும் அதே மாதிரிக் கலங்கள் கூடிக் கிடக்கிறதுதான். சிலருக்கு மச்சமும் சேர்ந்தே அழிஞ்சிரும்.”

“அப்ப எவன் வெளுத்து வந்தாலும் எங்கண்ணனாய்யா?”

இரத்தினம்மா சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

மனுவேல் யோசித்தார். “நிறம்தான் போகும். தழும்பு போகாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறப்ப இருளப்பனுக்கு இடது கெண்டைக்கால்ல கத்தி பட்டுச்சு. நான்தான் தைச்சேன். நடுவுல ஒரு தையல் கோணிப் போச்சு.”

“வேணாங்கய்யா” என்றாள் இரத்தினம்மா சட்டென்று. “களைச்சு வந்திருக்காரு. மொதல்ல தேத்தண்ணி குடிக்கட்டும்.”

“ஏன் மதினி, பயமா?”

வந்தவன் சாரத்தை முழங்கால்வரை உயர்த்தினான்.

மனுவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெளுத்த தோலில் வெளுத்த கோடு. விரலால் தடவிக்கொண்டே போனார். நடுவில் விரல் நின்றது.

“என் கோணல்தான். இது இருளப்பன்.”

இரத்தினம்மா அப்போதுதான் வந்தவனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“சந்தோசத்துல மயக்கம் வருது பாரு” என்றாள் சுப்பம்மா.

வீரய்யா அண்ணன் காலில் விழுந்து அழுதான். உருவத்தைப் பிரித்து வேலிக்கு அப்பால் வீசினார்கள். ஆக்கியிருந்த சோற்றை, எதற்காக ஆக்கியது என்று யாரும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். ஒவ்வொருவராகச் சரிவில் இறங்கிப் போனார்கள்.

“கொஞ்சம் இருங்க சுப்பம்மாக்கா.”

“புருசன் வந்த அன்னைக்கு நான் எதுக்குடி நடுவுல?”

“இருங்கக்கா. கெஞ்சிக் கேக்குறேன்.”

சுப்பம்மா சிரித்தபடி அவள் கையை விடுவித்துக்கொண்டு போனாள்.

உள்ளே கட்டிலில் இருந்தவன், “கதவைச் சாத்து இரத்தினம். குளிருது” என்றான்.

முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கதவருகே போனாள். வாசலில் குடை பிடித்தபடி ஒருவன் நின்றான். அவனுக்கும் முகமும் கையும் வெள்ளை.

“கோவிச்சுக்காதீங்கக்கா. மூக்காயி அனுப்பின ஆளு நான்தான். குண்டசாலையில ஏறின பஸ்ஸு வழியில உடைஞ்சு போச்சு” என்று தணிந்த குரலில் சொன்னான். “உங்க புருசனா நடிக்கணும்னு சொன்னீங்களாமே, எல்லாரும் போயிட்டாங்களா?”

தன் கையால் கொன்று கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்த புருசன், உள்ளேயிருந்து அவளை மறுபடி கூப்பிட்டான்.