பஞ்சுக்குப் போட்ட மாலை

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெனிட்டா வளர்த்த கடற்பஞ்சு என்ற கடலுயிரி செத்துப்போனது. சமையலறைத் தொட்டியில் அது வளர்ந்த நீரைத் தினமும் அரை டம்ளர் குடித்தால்தான் அவளுக்கு முழங்கால் மடங்கும். மகன் கல்யாணத்தில் ஆடாமல் எப்படி?

கணவர் அலோசியஸ் பஞ்சைப் புதைத்து மாலையும் போட்டார். தொட்டி நீரைக் கொட்டப் போனவரைத் தடுத்து, பாலுக்கு உறைமோர் விடுவதுபோல் அதில் ஒரு கரண்டி எடுத்து, வாளியில் கலந்த புது உப்புநீரில் விட்டாள் பெனிட்டா.

மறுநாள் அதைக் குடித்துவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

"பஞ்சுதான் செத்துப்போச்சே, பிறகு எப்படி பிள்ள?" என்று கேட்டார் அலோசியஸ்.

"மருந்தைச் சமைச்சதெல்லாம் அதுக்குள்ள குடியிருந்த கிருமிங்கதாங்க. வீட்டு ஓனரு பேரை மட்டும் தட்டிட்டுப் போயிட்டாரு!"

கல்யாண மாலைகளில் பெரியதாகத் தேடி எடுத்து, வாளிக்குப் போட்டார் அலோசியஸ். அவரையும் வாளியையும் சுற்றிச் சுற்றி ஆடினாள் பெனிட்டா.