ஒரு ஆள் அதிகம்

"யெர்டா பன்னிரண்டு வருஷம் பொய்க் கணக்கு எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டூரே கழகக் கூட்டத்தில் ஒரு பழைய நோட்டை மேசை மேல் வைத்தார்.

கிரான்சேலே கால்பந்துக் கழகத்துக்கு நூறு வயது. அதன் வரலாற்றுப் புத்தகம் புதன்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எழுதுபவர் ஸ்டூரே. எழுபத்திரண்டு வயது, மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் கழகத்தின் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். இரண்டு சாட்சி இல்லாமல் ஒரு கோலைக்கூடப் புத்தகத்தில் சேர்க்க மாட்டார்.

யெர்டா மைதானத்து வாசலில் நாற்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர். கைக்குழந்தைக்கும் இலவச டிக்கெட் ஒன்று கிழிக்காமல் உள்ளே விட மாட்டார். ஆட்டம் முடிந்ததும் நோட்டில் இரண்டு எண் எழுதுவார். கிழித்த டிக்கெட் எத்தனை, பார்க்க வந்தவர் எத்தனை.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 1967 முதல் 1978 வரை அப்படி இல்லை. 211 டிக்கெட், 212 பேர். 96 டிக்கெட், 97 பேர். நூற்று முப்பத்திரண்டு ஆட்டங்களில் நூற்றிருபத்தைந்தில் ஒரு ஆள் அதிகம்.

கழகத் தலைவி காய்சா சிரித்தாள். "ஏதாவது கடமான் வேலி தாண்டி வந்து பார்த்திருக்கும். விடுங்க ஸ்டூரே."

நடுவரின் நாயையும் சேர்த்து எண்ணியிருப்பாரோ என்று இன்னொருவர் கேட்டார்.

ஸ்டூரே சிரிக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷமும் மைதானத்தில் ஆடியவன் நான் என்றார். "யார் வந்தாங்க, யார் வரலைன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

அதற்கு மேல் யாரும் வேடிக்கை பேசவில்லை.

யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஸ்டூரேயின் அப்பா அல்பின் ஜெபவீட்டு மூப்பர். ஞாயிற்றுக்கிழமையில் பந்து உதைப்பது பாவம் என்று பிரசங்கம் செய்தவர். கழகம் ஆடியதோ ஞாயிற்றுக்கிழமைகளில். மகன் அதில் சேர்ந்த பிறகும் இருவரும் ஒரே மேசையில்தான் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். "ஜெயிச்சீங்களா" என்று மட்டும் அவர் சாகும்வரை ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருஷங்களின் பார்வையாளர் எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல என்று புத்தகத்தில் ஒரு வரி போடப்போவதாக ஸ்டூரே சொன்னார். நூறாண்டு விழாவில் மைதானத்து வாசலுக்கு யெர்டாவின் பெயரை வைக்கப்போகிறோம், இந்த வரி அச்சில் வந்தால் எந்த முகத்தோடு வைப்பது என்று காய்சா கேட்டாள். புத்தகம் என்றால் சரியாக இருக்க வேண்டும் என்றார் ஸ்டூரே. கடைசியில், யெர்டாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஸ்டூரே நோட்டோடு யெர்டாவின் வீட்டுக்குப் போனார். யெர்டாவுக்கு எண்பத்தாறு வயது. காபி ஊற்றி, ஏலக்காய் பன்னைத் தட்டில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"கூட்டல் தப்பா, இல்லை வேணும்னே எழுதினதா?" என்று ஸ்டூரே கேட்டார்.

யெர்டா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல என்று புத்தகத்தில் போடப்போவதை ஸ்டூரே சொன்னார்.

"போட்டுக்கோப்பா."

"வாசலுக்கு உங்க பேரை வைக்கிறாங்க. அது நின்னுபோகும்."

"போகட்டும். அந்த வாசல்ல நின்னு என் கால்தான் போச்சு. பேரு வச்சா கால் திரும்பி வரப்போகுதா?"

இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்வார் என்று ஸ்டூரே நினைக்கவில்லை. பேனாவைத் திறந்து, அப்படியானால் எல்லா எண்ணிக்கையிலும் ஒன்றைக் குறைத்துவிடுகிறேன், வராத ஆளைப் புத்தகத்தில் வைத்திருக்க முடியாது என்றார்.

யெர்டா சட்டென்று நோட்டின் மேல் கையை வைத்தார்.

"என்னைப் பத்தி என்ன வேணா எழுது, ஸ்டூரே. அந்த ஆள் வரலைன்னு எழுதாதே."

"எந்த ஆள்?"

யெர்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாசல் வழியா வரமாட்டார். ஆலைப் பக்கமா வந்து, பலகை அடுக்கு இருந்துச்சே, அதுக்குப் பின்னால நிப்பார். கறுப்புக் கோட்டு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்குவார். டிக்கெட் அறையோட பின்ஜன்னல்லேர்ந்து பார்த்தா எனக்கு மட்டும் தெரியும். முதல் பாதியில ஒரு கோடியில நிப்பார். நீங்க பக்கம் மாறினா அவரும் மறுகோடிக்குப் போயிடுவார். பந்து எங்க போனாலும் சரி, இடது பின்பக்கத்தை விட்டுப் பார்வை நகராது."

ஸ்டூரே பேனாவைக் கீழே வைத்தார்.

"உனக்கு முழங்கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்தாங்களே, அந்த வருஷம் ஏழு ஆட்டம் நீ ஆடலை. அந்த ஏழுக்கும் அவர் வரலை. வேணும்னா பாரு."

ஸ்டூரே 1973-ஐத் தேடி எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினார். 143, 143. 88, 88. ஏழு ஆட்டங்களிலும் இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தன. எட்டாவதில், அவர் திரும்பி வந்து ஆடிய ஞாயிற்றுக்கிழமையில், 120 டிக்கெட், 121 பேர்.

அந்த வரியிலேயே வெகுநேரம் விரலை வைத்திருந்தார். காபி ஆறிப்போனது.

"அப்பா போயே நாப்பது வருஷம் ஆச்சு" என்றார் கடைசியில். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, யெர்டா."

"ஒரு மழைநாள்ல காபி எடுத்துட்டுப் போனேன். யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார்" என்றார் யெர்டா. "எழுதாதேன்னு கேட்கலை."