லாரி இல்லாத ரோடு

எண்ணூர் ரோட்டில் இன்று காலை ஒரு கன்டெய்னர் லாரிகூட இல்லை. சைக்கிள் பந்தயத்துக்காக நிறுத்திவிட்டார்கள். கடல் காற்று நேராக வந்து நவ்ரீனின் முகத்தில் அறைகிறது, பல்லிடுக்கில் கரித்தூள் நறநறக்கிறது. மூன்று மாதமாக விடிகாலையில் லாரிகளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, காற்றே படாமல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துப் பழகிய கால்கள், இந்த வெட்டவெளியில் இருபதைத் தாண்ட மாட்டேன் என்கின்றன. மற்ற பெண்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள். இந்த சீசனில் முதல் இரண்டு பந்தயங்களையும் அவள் முடிக்கவில்லை. இதையும் விட்டால் கிளப்காரர்கள் சைக்கிளைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் ஆம்புலன்ஸ் பக்கத்தில் வந்து ஊர்கிறது. "ஏறிக்கோம்மா, இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்கிறார் டிரைவர் நீலமேகம். "வேணாண்ணா. நீ போய்க்கினே இரு." அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியை அவளுக்கு முன்னால் விடுகிறார். சட்டென்று காற்று அடங்குகிறது. டீசல் புகை முகத்தில் வெதுவெதுப்பாகப் படிகிறது. வண்டி மறைவில் ஓட்டினால் பந்தயத்தை விட்டு வெளியே என்று காலையில் மைக்கில் சொன்னதெல்லாம் அவள் நினைவுக்கு வருவதற்குள், ஆம்புலன்ஸின் வெள்ளைப் பின்கதவோடு ஒட்டிக்கொண்டு முப்பத்தைந்தில் பறந்துகொண்டிருக்கிறாள். பின்னால் பைக்கில் நடுவர் விசில் ஊதிக்கொண்டே வருகிறார். அவளுக்கு நன்றாகவே கேட்கிறது. கால்கள் நிற்க மாட்டேன் என்கின்றன.