ஃபிளோரா டீச்சரின் பெரிய மனசு

காய்மகாரம் தலையான பாவம், பொறாமைப்படுகிறவன் தன் வயிற்றைத் தானே எரித்துக்கொள்கிறான் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு விளாசிவிட்டு வீடு திரும்பினார் ஃபிளோரா டீச்சர். வாசலில் கணவர் ரெமிஜியஸ் பழைய ரேஸ் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னதுதான் சரி, ஃபிளோரா. கியர் இல்லாத புது ஃபிக்ஸி சைக்கிள் வேண்டாம். இதுலயே கியரக் கழட்டிட்டு ஃபிக்ஸியா மாத்திக்கிறேன்."

"அப்படி வாங்க வழிக்கு. எளிமைதாங்க அழகு."

"பிரதீபா ஆசையா வாங்கிக் குடுத்ததாச்சே. தூக்கிப் போட மனசு வருமா?"

"யாருங்க பிரதீபா?"

"காலேஜ்ல கூடப் படிச்சவ. விடு."

டீச்சர் விடவில்லை. அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு இல்லை. ரெமிஜியஸ் சைக்கிளைத் துடைக்கும்போதெல்லாம் யாரோ ஒருத்தியின் கன்னத்தைத் தடவுவதாகவே டீச்சருக்குப் பட்டது. மூன்றாம் நாள் வெடித்தார்.

"புதுசே வாங்கித் தொலைங்க! இந்தச் சனியன் என் வாசல்ல நிக்கக் கூடாது!"

ரெமிஜியஸ் பெருமூச்சோடு சம்மதித்தார்.

புது ஃபிக்ஸி வந்த அன்றே பழையதைத் தள்ளிக்கொண்டு நீடாமங்கலம் சைக்கிள் கடைக்குப் போனார் டீச்சர். கடைக்காரர் உத்திராபதி சைக்கிளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அட, இது நான் ஒரு சாருக்கு செகண்ட்ஹேண்டுல குடுத்ததாச்சே! அப்ப சாரு புதுசு வாங்கிட்டாருன்னு சொல்லுங்க. புதுசு வாங்க சம்சாரம் விடமாட்டேங்குதுன்னு போன வாரம் வந்து அழுதாரு. இது ஒரு பொண்ணு குடுத்ததுன்னு சொல்லிப் பாருங்கன்னேன். பாவம், அவருக்கு ஒரு பொண்ணு பேருகூடத் தெரியல. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

டீச்சர் முகம் வெளிறி நிற்பதைக் கண்டு அவர் பதறிப்போய் உள்பக்கம் திரும்பினார்.

"பிரதீபா! மேடத்துக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா!"