உட்கார்ந்த வேலை

“என் பேரு பூவலிங்கம். வயசு இருபத்தேழு. ஷார்ஜால கிரேன் ஓட்டுறேன்.”

அவன் சொல்லச் சொல்ல, போனில் எழுத்துகள் விழுந்தன. கைகள் இரண்டும் கிரேனின் பிடிகளில் இருந்தன. போனைக் கண்ணாடி ஓரத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தான்.

மைனி கேட்டபடிதான் சொல்கிறான். அண்ணன் மனைவி சண்முகக்கனி, விளாத்திகுளத்தில் நர்ஸ். பேர், வயசு, எங்கே இருக்கிறாய், என்ன செய்கிறது, எல்லாம் எழுதி அனுப்பு, டாக்டரிடம் காட்டுகிறேன் என்றிருந்தாள்.

“எடது கெண்டைக்கால் வீங்கியிருக்கு. முந்தாநாள்ல இருந்து. தொட்டா சுடுது. ஷூ மாட்ட முடியல. ரூம்ல எண்ணெ போட்டுத் தேய்ச்சுவிட்டாங்க, கேக்கல. எறங்கணுமேன்னு தண்ணி அதிகம் குடிக்கிறதில்ல.”

ரேடியோ கரகரத்தது. கீழே நின்று சிக்னல் கொடுக்கும் மரியதாஸ்.

“எறக்கு மாப்ள. மெல்ல. மெல்ல. அங்கயே நில்லு.”

போன் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டது. அவன் அழிக்கவில்லை. அப்படியே அனுப்பினான்.

கம்பிக் கட்டு தரையைத் தொட்டது. மஞ்சள் ஹெல்மெட்டுகள் அதைச் சுற்றிக்கொண்டன. குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மேலே ஒரு நாற்காலி. சுற்றிலும் கண்ணாடி. காலை நீட்டினால் முழங்கால் இடிக்கும். எழுந்தால் தலை இடிக்கும்.

விடிந்தால் பஸ்ஸில் ஒரு சீட். பிறகு இந்த சீட். மறுபடி பஸ் சீட். அப்புறம் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு.

காலையில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவான். அவன் இறங்கினால் கொக்கி நிற்கும். கொக்கி நின்றால் கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வை அவனுக்கு ஆகாது.

அதனால் சோற்றையும் மேலேயே கொண்டுவந்தான். தண்ணீரைக் குறைத்தான். நாக்கு நனைகிற அளவுதான். குடித்தால் இறங்க வேண்டிவரும்.

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

வீட்டில் இதுவரை யாரும் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. அய்யா கரிமூட்டத்துப் புகையில் வெந்தவர். அம்மா அந்தக் கரியைச் சாக்கில் அள்ளியவள். அண்ணன் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன்.

விசா வந்த அன்று அம்மா வாசல் வாசலாகப் போய் நின்றாள்.

“எம்மவனுக்கு உக்காந்த எடத்துல வேலை. ஏசி வேற.”

இப்போதும் வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்தால் அவன் முகத்தை அவள் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். போன வாரம் அவன் எடுத்து வைத்திருந்த கிரேன் நாற்காலிப் படத்தைக் காட்டச் சொன்னாள்.

“அந்த சேரக் காட்டுய்யா. பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து பொண்டாட்டி பாக்கணுங்கா.”

அவளிடம் எப்படிச் சொல்வது, கால் நோகிறது என்று. உட்கார்ந்து உட்கார்ந்தே நோகிறது என்று.

மைனியிடமிருந்து பதில் வந்தது. எழுதவில்லை. பேசி அனுப்பியிருந்தாள். எங்கோ வேகமாக நடந்துகொண்டே பேசியிருக்கிறாள்.

“தம்பி, டாக்டர்ட்ட காட்டிட்டேன். காலத் தேய்க்கவே கூடாது, கேட்டியா. உள்ள ரத்தம் கட்டியிருக்குமோன்னு சந்தேகப்படுறாரு. கீழ எறங்குன ரத்தத்தக் கெண்டச் சதைதான் பிழிஞ்சு மேல அனுப்பணும். நடந்தாத்தான் அது பிழியும். நீ பொம்ம கணக்கா உக்காந்திருந்தா அது என்ன செய்யும்? தண்ணியும் குடிக்க மாட்டேங்க. அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறிட்டா ஆபத்துய்யா. இப்பவே எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போ. வேல கெடக்கட்டும்.”

அவன் எழுந்தான்.

இடது கால் ஊன்றவில்லை. கெண்டைக்குள் யாரோ கயிறு முறுக்கினார்கள்.

கதவைத் திறந்தான். காற்று முகத்தில் அடித்தது. ஏணி நேராகக் கீழே, கம்பிக் கூண்டு வழியே, போய்க்கொண்டே இருந்தது. முதல் படியில் கால் வைத்தான்.

வைத்தது காலுக்குத் தெரியவில்லை.

கம்பியை இறுகப் பற்றி, கையாலேயே தன்னை மேலே இழுத்துக்கொண்டான். உட்கார வேறு இடமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

ரேடியோவை அழுத்தினான்.

“மரியதாசண்ணே. நான் எறங்கணும்.”

“ஏண்டா, உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சாக்கும். நாங்க வேணா மேல வாரோம். நீ வந்து கம்பி தூக்குதியா?”

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“தூக்குதேண்ணே.”

சிரிப்பு நின்றது.

“கால் வரலண்ணே. ஏணில வைக்க முடியல.”



“எந்திரிக்காத. கதவச் சாத்திட்டு உள்ளயே இரி. ஆளக் கூட்டிட்டு நானே ஏறி வாரேன்.”

கொக்கி அந்தரத்தில் நின்றது. கீழே ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அவன் பாட்டிலைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தான்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவில் எங்கோ குத்தியது. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் குத்தியது.

அதை அவன் போனில் சொல்லவில்லை.

மைனியின் பக்கத்தை மூடினான். வீட்டில் எல்லாரும் இருக்கிற குரூப்பைத் திறந்தான். மைக்கைத் தொட்டுவிட்டு, வாயைப் போனுக்கு அருகே கொண்டுபோனான்.

“இத மொதல்ல யாரு படிக்கிறீங்களோ தெரியல. அய்யா இப்ப எந்நேரமும் டிவி முன்னாடியே உக்காந்திருக்காருன்னு அண்ணன் சொன்னான். நான் சம்பாதிக்கேன்னுதான் அவரு எந்திரிக்கவே இல்ல. அவர எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போங்க. ஒரு நாளைக்கு மட்டும் இல்ல, தெனமும். மாட்டேன்னு சொன்னாலும் கையப் புடிச்சு நடக்க வைங்க.”